யாருக்கும் யாரும் தேவையில்லாத உலகம்

ஆயிரக்கணக்கானோர் ஒரே உலகில் கூடி வேடம் தரித்து ஆடும் இணைய விளையாட்டுகளைப் பற்றி, ஏறக்குறைய எல்லோரும் ஒப்புக்கொண்டுவிட்ட கருத்து ஒன்று இருக்கிறது. ஆட வருபவரின் நேரம் விலைமதிப்புள்ளது, அதை வீணாக்கும் எதுவும் வடிவமைப்பின் குறை என்கிறது அது. நெடுந்தொலைவு நடப்பது, கூட்டாளிகளைத் தேடி அலைவது, செத்தால் இழப்பது, பொருளை விற்க ஆள் பிடிப்பது எல்லாம் அறியாக் காலத்தின் மிச்சங்களாம். அவற்றை ஒவ்வொன்றாகக் களைந்ததுதான் எம்எம்ஓ என்ற வகையின் வளர்ச்சியாம். நிறுவனங்களும் விமர்சகர்களும் இதையே சொல்கிறார்கள். என்னோடு ஆடுபவர்களிலும் பாதிப் பேர் இதைத்தான் சொல்கிறார்கள்.

இந்தக் கருத்து தவறு. தவறு என்பதோடு, நான் நேசிக்கும் ஒரு விளையாட்டு வகையை உள்ளிருந்தே அரித்துவிட்டது. தனியாக ஆடும் விளையாட்டில் சிரமம் என்பது ஆட்டக்காரருக்கும் நிரலுக்கும் இடையிலான விவகாரம். வேண்டாததை எடுத்துவிட்டால் யாருக்கும் நட்டமில்லை. பலர் கூடி வாழும் உலகில் அப்படி இல்லை. அங்கே ஒரு சிரமத்தை நீக்கும்போது, அதுவரை அதைத் தீர்த்துவைத்துக்கொண்டிருந்த மனிதரின் வேலையையும் சேர்த்து நீக்குகிறோம். வேலை போனவர் கொஞ்ச நாளில் அங்கிருந்து போய்விடுகிறார். போகாவிட்டாலும், அவர் இருப்பது யாருக்கும் தெரிவதில்லை.

1999 மார்ச்சில் வெளிவந்த எவர்குவெஸ்ட்டிலிருந்து தொடங்குகிறேன். பழைய விளையாட்டுகளின் கொடுமைக்குச் சாட்சி என்று எல்லோரும் கூண்டில் ஏற்றுவது அதைத்தான். அதில் பாத்திரம் செத்தால் சேர்த்த அனுபவப் புள்ளிகளில் ஒரு பங்கு போகும், லெவலே இறங்கவும் கூடும். உடல் விழுந்த இடத்திலேயே கிடக்கும், வாளும் கவசமும் அதனோடு கிடக்கும். ஆட்டக்காரர் வேறெங்கோ வெறுங்கையோடு எழுந்து, வந்த வழியெல்லாம் மறுபடி கடந்து, தன் சடலத்தைத் தேடிப் போக வேண்டும். தொடக்கத்தில் விளையாட்டுக்குள் வரைபடமும் கிடையாது. கண்டம் விட்டுக் கண்டம் போகக் கப்பலுக்குக் காத்திருக்க வேண்டும். மந்திரம் போட்டுச் சக்தி தீர்ந்தால், அது மீண்டும் ஊறும்வரை தரையில் உட்கார்ந்திருக்க வேண்டும்.

இதையெல்லாம் யார் சகித்துக்கொள்வார்கள் என்று கேட்பவர்கள், பட்டியலின் மறுபாதியைப் படிப்பதில்லை. தொலைவு இருந்தது. அந்தத் தொலைவை ஒரு நொடியில் கடத்திவிட ட்ரூயிட், விசார்ட் வகுப்பு ஆட்டக்காரர்கள் இருந்தார்கள். கொஞ்சம் பிளாட்டின நாணயம் கையில் கொடுத்தால் போதும், நன்றி சொன்னால் சும்மாவே அழைத்துப்போகிறவர்களும் உண்டு. சாவு இருந்தது. செத்தவரை எழுப்பக் கிளெரிக் இருந்தார், உயர்ந்த லெவல் கிளெரிக்கின் மந்திரம் இழந்த அனுபவத்தில் 96 விழுக்காட்டைத் திருப்பிக் கொடுத்தது. சடலம் யாரும் எட்ட முடியாத ஆழத்தில் கிடந்தால், நெக்ரோமான்சர் அதைத் தன் காலடிக்கு வரவழைப்பார். சக்தி மெல்ல ஊறுகிறதா, என்சாண்டர் கிளாரிட்டி என்ற மந்திரம் போட்டால் வேகமாக ஊறும். காட்டைக் கடக்கக் கால்வேகம் வேண்டுமா, ஷாமனைக் கேட்கலாம். சிரமம் ஒவ்வொன்றுக்கும் எதிரே ஒரு மனிதர் நின்றார். தற்செயலாக அமைந்ததென்று நம்ப முடியாத அளவுக்கு இந்தப் பொருத்தம் சீராக இருந்தது.

பழைய விதிகளோடு ரசிகர்கள் நடத்திவரும் புராஜெக்ட் 1999 சர்வரில் நான் ஆடியிருக்கிறேன். முன்பின் தெரியாத ஒரு கிளெரிக், தன் வேட்டையை நிறுத்திவிட்டு இரண்டு பகுதிகள் கடந்து வந்து என் சடலத்தை எழுப்பியது நினைவிருக்கிறது. அவர் லெவல் ஏறியதாலோ அரிய பொருள் கிடைத்ததாலோ அந்த மாலை அவருக்கு நிறைந்துவிடவில்லை. ஒருவருக்கு உதவக்கூடிய நிலையில் இருந்தார், உதவினார், அவ்வளவுதான். அப்படி உதவக்கூடிய நிலையை உண்டாக்கித் தருவதுதான் வடிவமைப்பாளரின் முதல் வேலை என்பது என் கட்சி.

எவர்குவெஸ்ட்டிலேயே இது எப்படிக் கலைந்தது என்றும் பார்க்கலாம். பல சர்வர்களில் ஈஸ்ட் காமன்லாண்ட்ஸின் சுரங்கப்பாதைதான் சந்தை. நிறுவனம் அதைச் சந்தையாக வகுக்கவில்லை. ஆட்டக்காரர்கள் அங்கே கூடிக் கூவி விற்றதால் அது சந்தையானது. 2001 டிசம்பரில் வந்த விரிவாக்கத்தோடு பஜார் வந்தது. பாத்திரத்தை வியாபாரியாக அங்கே நிறுத்திவிட்டு ஆள் தூங்கப் போய்விடலாம், வாங்குபவர் தேடிப்பார்த்து வாங்கிக்கொள்வார், பேச்சே வேண்டாம். 2002 அக்டோபரில் பிளேன்ஸ் ஆஃப் பவர் வந்தது. ஊருக்கு ஊர் ஒரு புத்தகம் வைக்கப்பட்டது, அதைத் தொட்டால் நடுவே உள்ள நகரம், அங்கிருந்து வேறெந்த ஊரும். ட்ரூயிடுகள் மூன்றரை ஆண்டு செய்த தொழில் பெரும்பாலும் அன்றோடு முடிந்தது. அந்த விரிவாக்கத்தில் பலர் திரண்டு போகும் ரெய்டுகள் அருமையானவை என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் புத்தகம் கடத்திவிட்ட பயணி ஒவ்வொருவரும், இன்னொருவரைச் சந்திக்காமல் போன பயணி.

சிரமம் எல்லாமே புனிதம் என்று நான் சொல்லவில்லை. இந்த வாதத்தில் பழைமையின் பக்கம் நிற்பவர்கள் வழக்கமாகச் சறுக்குவது இங்கேதான். அவர்கள் எல்லாத் துன்பத்தையும் ஒரே மூட்டையாகக் கட்டிக் காப்பாற்றப் பார்க்கிறார்கள். ஒரு சிரமத்தை வைத்திருக்கலாமா, தூக்கிவிடலாமா என்று முடிவுசெய்ய நான் ஒரே கேள்வியைத்தான் கேட்பேன்: இதை இன்னொரு ஆட்டக்காரர் வந்து தீர்த்துவைக்க முடியுமா? முடியும் என்றால் அது விளையாட்டின் அஸ்திவாரத்தில் ஒரு கல். முடியாதென்றால், அந்தச் சிரமத்துக்காக நான் ஒரு சொல்லும் பேச மாட்டேன். எவர்குவெஸ்ட்டில் ஓர் அரிய மிருகம் எப்போது தோன்றும் என்று தெரியாமல் பல மணி நேரம் ஒரே இடத்தில் காவல் கிடக்க வேண்டியிருந்தது. அந்தக் காத்திருப்பை எந்தத் தோழராலும் குறைக்க முடியாது, பக்கத்தில் வந்து நிற்பவர் போட்டியாளர்தான். அது போகட்டும்.

1997இல் வந்த அல்டிமா ஆன்லைனில் புதியவர்களை வழியில் மடக்கிக் கொன்று கொள்ளையடித்தவர்களின் கதையும் இப்படிப்பட்டதே. கொலைகாரர்களை அடக்க நல்லவர்கள் திரண்டார்கள், ஆனால் அவர்கள் வெல்வதற்கான கருவிகளை விளையாட்டு போதுமான அளவு கொடுக்கவில்லை. தீர்த்துவைக்கும் மனிதர் இருந்தும் அவர் கை கட்டப்பட்டிருந்தது. 2000இல் நிறுவனம் உலகத்தை இரண்டாக்கி, டிராமெல் என்ற கொலையற்ற பாதியைக் கொடுத்தபோது பெரும்பாலோர் அங்கே குடிபெயர்ந்ததை நான் குறை சொல்ல மாட்டேன். அடிபட்டுக்கொண்டே இருக்க யாரும் கடமைப்பட்டவர்கள் இல்லை.

என் கட்சிக்கு மிகத் தெளிவான சாட்சி 2003 ஜூனில் வந்த ஸ்டார் வார்ஸ் கேலக்சீஸ். அதில் முப்பதுக்கும் மேற்பட்ட தொழில்கள். போரிட்டுத் திரும்பும் வீரருக்கு இரண்டு வகைச் சேதம் ஏற்படும். உடலின் காயத்தை மருத்துவர் ஆடும் இன்னொருவர்தான் ஆற்ற முடியும். மனத்தின் களைப்பை ஆற்ற, கேண்டினா எனப்படும் மதுக்கூடத்துக்குப் போய் அங்கே ஆடுபவர், இசைப்பவர் முன்னே உட்கார்ந்திருக்க வேண்டும். அவர்களும் நிஜ மனிதர்கள். துப்பாக்கியைத் தொடாமலே மாதக்கணக்கில் அந்த உலகில் வாழ்ந்தவர்கள். ஆயுதம், உடை, வீடு எல்லாம் கைவினைஞர்கள் செய்தவை. மூலப்பொருளின் தரம் இடத்துக்கு இடம், வாரத்துக்கு வாரம் மாறியதால், நல்ல உலோகம் எங்கே கிடைக்கிறது என்று கண்டுபிடித்துச் சேர்த்துவைத்தவரின் துப்பாக்கிக்குத் தனி மதிப்பு. பொருள்கள் தேய்ந்துபோனதால் அவர் கடைக்கு ஆள் வந்துகொண்டே இருக்கும். இன்னார் செய்த கவசம் என்று பெயர் சொல்லித் தேடிப்போய் வாங்கினார்கள்.

கேண்டினாவில் பத்து நிமிடம் உட்கார்ந்திருக்க வைப்பது நேர விரயமா? இன்றைய கணக்கில் சந்தேகமில்லாமல் விரயம். ஆனால் அந்தப் பத்து நிமிடத்தில்தான் பக்கத்து மேசைக்காரரிடம் பேச்சு தொடங்கியது, அடுத்த வேட்டைக்கு ஆள் சேர்ந்தது, நல்ல கடை எது என்று தெரிந்தது. 2005 நவம்பரில் நிறுவனம் எல்லாவற்றையும் தலைகீழாகத் திருப்பியது. முப்பதுக்கும் மேற்பட்ட தொழில்களை ஒன்பதாகச் சுருக்கியது. எளிமையாக்குகிறோம், வந்த உடனே சண்டை போடலாம், நாயகராகலாம் என்றது. பழைய குடிகள் கூட்டம் கூட்டமாக வெளியேறினார்கள், புதியவர்கள் எதிர்பார்த்தபடி வரவில்லை. 2011 டிசம்பர் 15இல் சர்வர்கள் அணைக்கப்பட்டன. இரண்டாண்டுக்கு மேல் அங்கே வாழ்ந்த ஒரு நடனக்காரரிடம், இனி உங்கள் ஆட்டம் யாருக்கும் மருந்தில்லை என்று சொன்ன திருத்தம் அது. எனக்கு அது இன்றும் ஆறாத கோபம்.

இந்த இடத்தில் எதிர்க்கட்சி எண்களை எடுத்து மேசைமேல் வைக்கும். எவர்குவெஸ்ட்டின் உச்சம் சுமார் ஐந்து லட்சம் சந்தாதாரர்கள். 2004 நவம்பரில் வந்த வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட் 2010 அக்டோபரில் 1 கோடியே 20 லட்சத்தைத் தொட்டது. எளிமைதானே வென்றது என்பார்கள். வார்கிராஃப்ட் பல முட்களைச் சீவியது உண்மை. செத்தால் அனுபவம் போகாது, தனியாகவே கடைசி லெவல்வரை ஏறலாம். ஆனால் அதே விளையாட்டு 2008 டிசம்பரில் 1 கோடியே 15 லட்சத்தை எட்டியபோது எப்படி இருந்தது என்று நினைவுபடுத்திப் பார்க்க வேண்டும். டன்ஜன் என்ற நிலவறைக்குள் போக ஐந்து பேரை ஆட்டக்காரரே சேர்க்க வேண்டும். வாசல்வரை யாராவது நடந்தோ பறந்தோ போக வேண்டும். வார்லாக் இருந்தால் இன்னும் இருவர் துணையோடு மற்றவர்களை வரவழைக்கலாம். மேஜ் இருந்தால் ஊருக்கு வாசல் திறப்பார். பூட்டிய பெட்டியை ரோக் திறப்பார். கோடிப் பேரைச் சேர்த்தது இந்த வார்கிராஃப்ட். மனிதர் மனிதருக்குத் தேவைப்பட்டது அந்த வளர்ச்சிக்கு எந்தத் தடையும் போடவில்லை.

2009 டிசம்பர் 8இல் வந்த திருத்தத்தில் டன்ஜன் ஃபைண்டர் சேர்ந்தது. பட்டனை அழுத்தினால் பல சர்வர்களிலிருந்து ஐந்து பேரைக் கணினி பொறுக்கிச் சேர்த்து டன்ஜனுக்குள் இறக்கிவிடும், முடிந்ததும் திருப்பிக் கொண்டுபோய்விடும். அப்போது அதை வரவேற்காதவர் மிகக் குறைவு. அடி தாங்கும் டேங்க் கிடைக்காமல் ஒரு மணி நேரம் கத்திக்கொண்டிருந்தவர்களுக்கு அது வரம்தான். அதன்பின் சில மாதங்கள் சந்தா ஏறவும் செய்தது. அதன் பிறகு வந்த சரிவுக்கு ஃபைண்டர் ஒன்றே காரணம் என்று சொல்ல என்னிடம் ஆதாரமில்லை, அப்படிச் சொல்லப்போவதுமில்லை. நான் சொல்வது வேறு. அந்த நாளுக்குப் பிறகு டன்ஜனில் உடன் வந்தவரின் பெயரைத் தெரிந்துகொள்ள யாருக்கும் காரணமில்லாமல் போயிற்று. இருபது நிமிடம் சேர்ந்து ஓடுகிறோம், ஒரு வணக்கமும் இல்லை, பிரிகிறோம், இனி ஒருநாளும் பார்க்கப்போவதில்லை. அவர் காயம் ஆற்றும் ஹீலராக இருந்தார் என்பது மட்டும் நமக்குத் தெரியும்.

கட்டாயமாகச் சேர்ந்து ஆட வைத்தால் அடாவடி பெருகும், கூச்சமுள்ளவர்கள் ஒதுக்கப்படுவார்கள், கில்ட் எனப்படும் சங்கங்களின் தலைவர்கள் சிற்றரசர்கள் ஆவார்கள் என்றொரு எதிர்வாதம் உண்டு. அதை நான் மதிக்கிறேன், அப்படித் துன்பப்பட்டவர்களையும் பார்த்திருக்கிறேன். ஆனால் அடாவடியை எது அடக்கியது என்று பார்க்க வேண்டும். சில ஆயிரம் பேர் உள்ள ஒரு சர்வரில் அடுத்தவருக்குரிய வேட்டைப் பொருளான லூட்டைப் பிடுங்கிக்கொண்டு ஓடியவரின் பெயர் ஊர் முழுக்கத் தெரிந்துவிடும். அடுத்த வாரம் அவரைச் சேர்த்துக்கொள்ள ஆளிருக்காது. நாளை மறுபடி முகத்தில் விழிக்க வேண்டும் என்ற நினைப்புதான் பலரையும் யோக்கியமாக வைத்திருந்தது. சர்வர் எல்லையைத் தாண்டி முகமற்றவர்களைச் சேர்த்த பிறகு அந்த நினைப்புக்கு இடமில்லை. அதற்குப் பதிலாக, வாக்களித்து ஒருவரை வெளியேற்றும் முறையும், பாதியில் ஓடுபவருக்குத் தண்டனைக் காலமும் தேவைப்பட்டன. மனிதர்கள் தங்களுக்குள் பார்த்துக்கொண்டதை நிரல் பார்க்க வேண்டியதாயிற்று, அதுவும் அரைகுறையாக.

அடுத்தது எல்லோரும் நெஞ்சில் கைவைத்துச் சொல்லும் வாதம். அன்று படித்துக்கொண்டிருந்தோம், இன்று வேலை இருக்கிறது, பிள்ளைகள் இருக்கிறார்கள், இரவில் ஒரு மணி நேரம்தான் மிஞ்சுகிறது. எனக்கும் அதே ஒரு மணி நேரம்தான். அந்த ஒரு மணி நேரத்தை எந்த உலகம் கூடுதலாக மதித்தது என்றுதான் கேட்கிறேன். பழைய உலகில் ட்ரூயிட் ஒருவர் அரை மணி நேரம் வந்து நாலு பேரைக் கடத்திவிட்டுப் போனாலும் அந்த நாலு பேரின் மாலையை மாற்றியிருப்பார். கேண்டினாவில் சற்று நேரம் இசைத்துவிட்டுப் போனவரும் அப்படியே. குறைந்த நேரம் உள்ளவர் லெவல் ஓட்டத்தில் பின்தங்கினாலும் பயனுள்ளவராக இருக்க முடிந்தது. இன்றைய உலகில் அதே மணி நேரத்துக்கு அன்றாட வேலைப் பட்டியல் ஒன்று காத்திருக்கிறது. இன்றைக்கான குவெஸ்ட் நான்கு, வாரக் கணக்குக்கு இரண்டு. ஒருநாள் தவறினால் அடுத்தவர்களைவிடப் பின்தங்குவோம். முடித்தாலோ உலகில் யாருக்கும் எந்த மாற்றமும் இல்லை.

நேரத்தை மதிக்கிறோம் என்று சொன்னவர்கள் எந்தச் சிரமத்தை எடுத்தார்கள், எதை விட்டுவைத்தார்கள் என்று வரிசைப்படுத்திப் பார்த்தால் உண்மை தெரியும். நடை போயிற்று, ஆள் தேடுவது போயிற்று, பேரம் போயிற்று. இவை எல்லாம் இன்னொரு மனிதர் தீர்க்கக்கூடியவை. லூட் விழுவதில் உள்ள குருட்டு அதிர்ஷ்டம் தங்கிவிட்டது, தினசரிக் கடமை தங்கிவிட்டது, ஒவ்வொரு விரிவாக்கத்திலும் பழைய ஆயுதம் மதிப்பிழந்து புதிதாகத் தொடங்கும் சுழற்சி தங்கிவிட்டது. இவற்றை எந்தத் தோழராலும் இறக்கிவைக்க முடியாது. லெவல் ஏறுவதன் நீளமும் தங்கிவிட்டது, ஆனால் அதற்குத் தீர்வு கடையில் கிடைத்தது. 2014இல் 60 டாலர் கொடுத்தால் வார்கிராஃப்ட் பாத்திரத்தை நேராக 90ஆம் லெவலுக்குத் தூக்கிக்கொள்ளலாம் என்றானது. 2015இல் டோக்கன் வந்தது, நிஜப் பணத்தை நிறுவனத்தின் வழியாகவே விளையாட்டுத் தங்கமாக மாற்றலாம். தோழர் தீர்த்த சிரமங்களுக்கு ஆயுள் முடிந்தது. பணம் தீர்க்கும் சிரமங்கள் நீடித்தன. இதை நேரத்துக்குத் தரும் மரியாதை என்று ஏற்க என்னால் முடியாது.

இவற்றையெல்லாம்விட வலுவான எதிர்வாதம் ஆய்வாளர்களிடமிருந்து வந்தது. 2006இல் நிக்கோலா டூஷ்னோவும் நிக் யீயும் இன்னும் இருவரும் வெளியிட்ட கட்டுரை, வார்கிராஃப்ட் ஆடுபவர்கள் நேரத்தின் பெரும்பகுதியைத் தனியாகவே கழிக்கிறார்கள் என்று தரவோடு காட்டியது. மற்றவர்கள் அவர்களுக்குக் கூட்டாளிகளாக இருப்பதைவிடப் பார்வையாளர்களாகவும் பின்னணியாகவும் இருந்தார்கள். கூட்டத்தின் நடுவே தனியாக இருப்பதைத்தான் மக்கள் விரும்புகிறார்கள், ஆகவே தனியாட்டத்துக்கு வழிவிடுவதே சரி என்று பலர் இதிலிருந்து முடிவுகட்டினார்கள். ஆய்வை ஏற்கிறேன். முடிவை ஏற்கவில்லை. சேர்ந்தே இருப்பதும் ஒருவருக்கொருவர் தேவைப்படுவதும் ஒன்றென்று கொண்டதில்தான் பிழை. கேலக்சீஸில் பாலைவனத்தில் தனியே உலோகம் தேடி அலைந்த கைவினைஞர் நாள் முழுக்க ஒருவரோடும் பேசாமல் இருந்திருக்கலாம். ஆனாலும் அவர் செய்த துப்பாக்கி முன்பின் தெரியாத பத்துப் பேரின் கையில் இருந்தது. தனிமை விரும்புபவரைக் கட்டிப்போட்டுக் கூட்டத்தில் சேர்க்க வேண்டும் என்று நான் கேட்கவே இல்லை. அவர் தனிமையில் செய்வது யாருக்காவது வேண்டியதாக இருக்கட்டும் என்கிறேன்.

2003இல் ஐஸ்லாந்தின் சிசிபி நிறுவனம் தொடங்கிய ஈவ் ஆன்லைன் இன்றும் இதைச் செய்துகாட்டுகிறது. அங்கே விண்கல்லில் தாது வெட்டும் தனியாள் தன் பாட்டுக்கு வெட்டுகிறார். அந்தத் தாது கைமாறிக் கைமாறிக் கப்பலாகிறது. 2014 ஜனவரியில் பி-ஆர்5ஆர்பி என்ற விண்பகுதியில் ஏறக்குறைய ஒரு நாள் நீடித்த போரில் 75 டைட்டன் பெருங்கப்பல்கள் அழிந்தன. ஒவ்வொரு டைட்டனும் எத்தனையோ பேரின் தாதுவும் உழைப்பும். போர்க்களத்தைக் கண்ணாலும் பார்க்காத ஒருவரின் மாலை வேலை அங்கே வெடித்துச் சிதறியது, மறுநாள் அவர் தாதுவுக்குத் தேவை ஏறியது. ஈவ் எல்லோருக்கும் ஏற்ற விளையாட்டு அல்ல, எனக்கே அதன் குளிர்ச்சி ஒத்துவரவில்லை. ஆனால் தனியாட்டக்காரரைக் காட்சிப் பொருளாக்காமல் குடிமகனாக்க வழி உண்டு என்பதற்கு அது சாட்சி.

இது எல்லாம் இளமையின் ஏக்கம், பழைய விளையாட்டைத் திருப்பிக் கொடுத்தால் ஒரு வாரத்தில் சலித்துவிடும் என்பவர்களும் உண்டு. 2013இல், வார்கிராஃப்ட்டை நடத்தும் பிளிஸ்ஸார்ட் நிறுவனத்தின் மேடையிலிருந்தே, பழைய வார்கிராஃப்ட் வேண்டும் என்று கேட்ட ரசிகரிடம், அது வேண்டுமென்று நீங்கள் நினைக்கிறீர்கள், உண்மையில் உங்களுக்கு வேண்டாம் என்ற பொருளில் பதில் சொன்னவர் ஜே. ஆலன் பிராக். பிறகு ரசிகர்களே நடத்திய நாஸ்டால்ரியஸ் சர்வரில் லட்சக்கணக்கானோர் கணக்குத் தொடங்கினார்கள். 2016 ஏப்ரலில் நிறுவனத்தின் வழக்கறிஞர்கள் எழுதிய கடிதத்தால் அது மூடப்பட்டது. 2017இல் அதே பிராக்தான் மேடையேறி, பழைய வார்கிராஃப்ட்டை நிறுவனமே திருப்பித் தரப்போவதாக அறிவித்தார். 2019 ஆகஸ்டில் கிளாசிக் வந்தபோது, சந்தாவில் அந்த விளையாட்டின் வரலாற்றிலேயே பெரிய காலாண்டு ஏற்றம் என்று நிறுவனமே சொன்னது. ஏக்கம் மட்டுமே என்றால் ஜேஜெக்ஸ் நிறுவனத்தின் ஓல்ட் ஸ்கூல் ரூன்ஸ்கேப்பை எப்படி விளக்குவது? 2007 ஆகஸ்டின் பிரதியிலிருந்து 2013இல் தொடங்கப்பட்ட அது, புதுப்புது பகுதிகள் சேர்ந்து வளர்ந்து, மூல விளையாட்டையே கூட்டத்தில் மிஞ்சிவிட்டது. பெரிதாகச் சேர்ப்பது எதுவானாலும் ஆட்டக்காரர் வாக்கெடுப்பில் பெரும்பான்மை பெற வேண்டும், முதலில் 75 விழுக்காடு, பின்னர் 70.

அந்த ஓல்ட் ஸ்கூல் ரூன்ஸ்கேப்பில் 2021 அக்டோபரில் குழு அயர்ன்மேன் என்றொரு ஆட்டமுறை வந்தது. இரண்டு முதல் ஐந்து பேர் ஒரு குழு. குழுவுக்கு வெளியே யாரிடமும் எதையும் வாங்கக் கூடாது. எல்லாம் கிடைக்கும் பெரிய சந்தை பக்கத்திலேயே இருக்கிறது, அதைத் தாங்களாகவே பூட்டிக்கொள்கிறார்கள். ஏன்? சந்தை திறந்திருக்கும்வரை மீன் பிடிக்கும் தோழர் ஒருவருக்கும் தேவையில்லை. சந்தையைப் பூட்டிய மறுநிமிடம் அவர் பிடித்த மீன் ஐந்து பேரின் உணவு. நவீன வடிவமைப்பு எடுத்துக்கொண்டதை ஆட்டக்காரர்கள் தாங்களே விதிபோட்டு மீட்டுக்கொண்ட காட்சி இது. எந்த விளக்கத்தையும்விட எனக்கு இது போதும்.

ஆட்டக்காரர்களே கேட்கிறார்கள், நாங்கள் கொடுக்கிறோம் என்று நிறுவனங்கள் கை விரிப்பதுண்டு. கேட்கிறார்கள்தான். ஒவ்வொருவரும் தன்னளவில் குறுக்குவழியைக் கேட்பார், நானும் கேட்பேன். எல்லோருக்கும் ஒரே நேரத்தில் கொடுத்தால் விளைவு வேறு. ஒரு காலத்தில் கல்யாண வீட்டில் காய் நறுக்கவும் பந்தி பரிமாறவும் உறவுக்காரர்கள் தேவைப்பட்டார்கள். கேட்டரிங் வந்தபின் எல்லோருக்கும் வசதி, எல்லோரும் விருந்தாளி, சித்தப்பா நாற்காலியில் உட்கார்ந்து செல்போனைப் பார்க்கிறார். கேட்டரிங் வைத்த எந்த வீட்டையும் குற்றம் சொல்ல முடியாது. ஆனால் அங்கே யாரும் யாருக்காகவும் வரவில்லை. ஆட்டக்காரர்கள் இதை உணராதவர்களும் அல்லர். 2008 தொடக்கத்தில் பணத்துக்குத் தங்கம் விற்பவர்களை ஒழிக்க மூல ரூன்ஸ்கேப் சமமற்ற பரிமாற்றங்களைத் தடைசெய்தது. தோழருக்கு ஒரு கவசத்தைச் சும்மா கொடுக்க முடியாமல் போயிற்று. மூன்று ஆண்டு எதிர்ப்புக்குப் பிறகு நடந்த வாக்கெடுப்பில் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட வாக்குகள் விழுந்தன, பத்தில் ஒன்பது பேர் தடையை நீக்கச் சொன்னார்கள். 2011 பிப்ரவரியில் அது நீங்கியது. மோசடிக்கு மறுபடி வாசல் திறக்கும் என்று தெரிந்துதான் வாக்களித்தார்கள். கொடுக்கும் உரிமை அவ்வளவு பெரிதாக இருந்தது.

இந்தப் பாதை எங்கே கொண்டுபோய் விடும் என்று ஊகிக்கத் தேவையில்லை, வந்தே சேர்ந்துவிட்டோம். ஃபைனல் ஃபேன்டசி 14இல் முதன்மைக் கதையின் டன்ஜன்களைக் கணினிப் பாத்திரங்களோடு முடிக்க ஏற்பாடு வந்துவிட்டது. வார்கிராஃப்ட்டிலும் 2024 ஜனவரியில் அப்படியே, மற்ற நால்வரும் கணினி. அதே ஆண்டு ஆகஸ்டில் டெல்வ்ஸ் வந்தது, அப்போது அதில் துணைக்கு வந்தவர் பிரான் என்ற கதைப் பாத்திரம். இவற்றைக் கொண்டாடுபவர்களோடு சேர்ந்து நான் கொண்டாட முடியாததற்குக் காரணம் அவை மோசமாகச் செய்யப்பட்டவை என்பதல்ல. நன்றாகவே செய்திருக்கிறார்கள். 2009இல் உடன் வருபவரைத் தேர்ந்தெடுக்கும் வேலை போயிற்று. பிறகு அவரோடு பேச வேண்டிய தேவை போயிற்று. டேங்க், ஹீலர் என்ற இரண்டு சொற்களாக அவர் சுருங்கிய பிறகு, அந்த இடத்தில் மனிதர் எதற்கு என்று கேள்வி வருவது இயல்பு. கணினிப் பாத்திரம் தாமதிக்காது, கோபிக்காது, பாதியில் போகாது. இந்த அளவுகோலின்படி அது நம்மைவிட மேலானது.

அளவுகோலை மாற்றச் சொல்கிறேன். ஒரு வசதியைச் சேர்க்குமுன், அந்த வேலையை இதுவரை எந்த ஆட்டக்காரர் செய்துவந்தார் என்று வடிவமைப்பாளர் சொல்லட்டும். அவருக்கு மாற்றாக என்ன வேலை தருகிறார் என்றும் சொல்லட்டும். இது நடக்காத கனவும் அல்ல. 2022இல் வார்கிராஃப்ட் கிளாசிக் தன் மூன்றாம் கட்டத்துக்கு வந்தபோது, பிளிஸ்ஸார்ட் டன்ஜன் ஃபைண்டரை வேண்டுமென்றே விட்டுவிட்டது. ஆள் தேவைப்படுவோர் தங்களைப் பட்டியலில் போட்டுக்கொள்ளலாம், அழைப்பதும் பேசுவதும் வாசல்வரை போவதும் அவர்கள் பாடு. ஒரு மணி நேரம் கத்திக்கொண்டிருந்தவரின் துன்பம் தீர்ந்தது, சேரும் ஐவரும் மனிதர்களாகவே இருந்தார்கள். 2023 ஜூனில் பழைய ஃபைண்டரை அங்கேயும் கொண்டுவந்துவிட்டார்கள். அந்தப் பட்டியலுக்குக் கிடைத்தது ஒன்பது மாதம். அதற்கு இன்னும் சில ஆண்டுகள் கொடுத்திருக்க வேண்டும், அடுத்து ஒரு புதிய உலகம் கட்டுபவர்களாவது அங்கிருந்து தொடங்க வேண்டும்.